செருப்பைக் கரையில் விட்டது யார்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

வீழிநாதன் குடும்பம் எப்படி என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவருடைய இரண்டாவது பையனுக்கு உங்கள் பெண்ணைக் கேட்கிறார்கள். மூத்தவனுக்குப் பெண் கொடுத்தவன் நான். அதனால் கும்பகோணத்திலிருந்து பாளையங்கோட்டை வரை என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். நல்லது. விசாரிக்காமல் பெண் கொடுக்கிறவன் மடையன். நானும் விசாரித்தேன். கிரீஸ் நாட்டுக் கடலில், ஒரே படகில், ஏழு நாள் வைத்து விசாரித்தேன்.

சிரிக்க ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் உங்களுக்குத் தெரியும், ஆவுடையப்பன். பன்னிரண்டு வருஷம் கண்டக்டர். அப்புறம் ரிட்டையர் ஆகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஆறு பத்து வண்டி என்றால் ஆறு பத்துக்கு வெளியே போயாக வேண்டும். டிரைவர் டீ குடிக்கிறார், யாரோ ஒரு அம்மா மூட்டையோடு ஓடி வருகிறாள், அதெல்லாம் என்னிடம் நடக்காது. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

வீழிநாதன் மன்னார்குடியில் மாட்டு டாக்டர். அவரும் ரிட்டையர் ஆகிவிட்டார். நல்ல மனுஷனா என்று கேட்கிறீர்கள். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் மெதுவு. நடை மெதுவு, சாப்பாடு மெதுவு, பேச்சு அதைவிட மெதுவு. ஒரு இட்லியை அவர் முடிப்பதற்குள் நான் நாலு சாப்பிட்டுக் கை கழுவி பேப்பரும் படித்துவிடுவேன். கேட்டால், பசுமாடு கடிகாரம் பார்த்தா கன்று போடுது என்பார். இது ஒரு பதிலா?

முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது பத்தரை என்று சொல்லிவிட்டுப் பதினொன்று பத்துக்கு வந்தார்கள். நாற்பது நிமிஷம். வழியில் ஒரு மாடு சாலையோரம் படுத்துக் கிடந்ததாம், இறங்கிப் பார்த்தாராம். நான் அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். இந்த இடம் வேண்டாம்.

என் மகள் செண்பகம் ஜெர்மனியில் ஒரு கப்பல் கம்பெனியில் இருக்கிறாள். வீழிநாதன் பையன் மாறனும் அதே ஆபீஸ். இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிவிட்டுத்தான் பெரியவர்களைச் சந்திக்க வைத்தார்கள். நான் வேண்டாம் என்றதும் அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. போனில் நிதானமாகச் சொன்னாள். "நீங்க வேண்டாம்னா வேண்டாம்ப்பா. ஆனா அதுக்கப்புறம் வேற எடம் பாக்காதீங்க. நான் பண்ணிக்க மாட்டேன். நாப்பது நிமிஷத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. ஏழு நாள் கூட இருந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

முப்பத்திரண்டு வயது அவளுக்கு. சொன்னால் சொன்னதுதான். யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியவில்லை.

அவளுக்குப் படகு ஓட்டத் தெரியும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். கிரீஸில் ஒரு வாரத்துக்குப் படகு எடுத்தால் தீவு தீவாகப் போகலாம், இரண்டு குடும்பமும் ஒன்றாக இருக்கலாம் என்றாள். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். ஜூன் மாதம் போனோம்.

படகென்றால் இரட்டைப் படகு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓடம், நடுவில் வீடு. கேட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரத்திலிருந்து போன பெயர்தான் என்று மாறன் சொன்னான். இருக்கலாம். நம் கட்டுமரத்தில் நாலு கக்கூஸ் நான் பார்த்ததில்லை. முன்பக்கம் இரண்டு ஓடத்துக்கும் நடுவே வலை கட்டியிருந்தது. படுத்தால் முதுகுக்குக் கீழே கடல் ஓடும். என் வீட்டுக்காரி கோமதி முதல் நாள் அதில் போய்ப் படுத்தவள்தான், சாப்பிட மட்டும் எழுந்து வந்தாள்.

இனிமேல்தான் விஷயம். படகுக்குள் செருப்புப் போடக் கூடாது. தளம் கீறிவிடும். செண்பகம் ஏறும்போதே சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் வீட்டு வாசல் எதுவென்று தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் கண்டபடி உதறிவிட்டு ஏறினார்கள். நான் விடுவேனா? கரையில் பலகைக்குப் பக்கத்தில் ஆறு ஜோடியையும் வரிசையாக வைத்தேன். பெரியவர்களுடையது முதலில், முனை வெளியே பார்க்க. பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் ரிவர்ஸில் நிற்குமே, அதே மாதிரி. படகில் செருப்புக்கென்று ஒரு கூடை இருந்ததாம். கயிற்றுச் சுருளுக்கு அடியில் கூடையை வைத்தால் யார் கண்ணில் படும்?

அன்று ராத்திரி படகு கரையிலேயே கட்டியிருந்தது. காலையில் கரையில் இருக்கும் குளியலறைக்குப் போய்விட்டு வந்தார்கள். மறுபடியும் வரிசை வைத்தேன். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று செண்பகம் சொல்லியிருந்தாள். ஒன்பது ஐந்து ஆகிறது, வீழிநாதன் கையில் காபி டம்ளரோடு பின்பக்கம் நின்று கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? கண்டக்டர் காலத்து விசில் என் சாவிக்கொத்தில் எப்போதும் இருக்கும். எடுத்து ஊதினேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார்.

அவருடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். கால் மணி நேரம். "ஒரு நிமிஷமும் இல்ல, அரை நிமிஷமும் இல்ல. தம்பி, கயித்த அவுருங்க. ரைட், ரைட்" என்றேன். மாறன் அவிழ்த்தான். செண்பகம் எடுத்தாள். அவர் மறுபடியும் "சார், அங்க" என்று கையை நீட்டினார். அங்கேயெல்லாம் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்குள் நாங்கள் விட்ட இடத்தில் இன்னொரு படகு நுழைந்துவிட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எட்டு நிமிஷம்தான் லேட். அந்த நாட்டில் அது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

கடலைப் பற்றி என்ன சொல்ல? நீலம். பாய் விரித்ததும் எஞ்சினை நிறுத்தினாள். சத்தமே இல்லாமல் வண்டி போகிறது. முப்பது வருஷம் டீசல் சத்தத்தில் இருந்தவன் நான். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு ஒரு சின்னத் தீவு. மேகனிசி என்று பெயர். மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், கீழே கல் கட்டிய கரை. படகைப் பின்பக்கமாகக் கரைக்கு விட வேண்டும். இரண்டு பக்கமும் வேறு படகுகள், நடுவில் சந்து. நான் பின்னால் நின்று கையைக் காட்டினேன். வரட்டும், வரட்டும், லெஃப்ட் ஒடி, ஹோல்டான். ஒரு முழம் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினாள். என் டிப்போவில் அப்படி நிறுத்துகிற டிரைவர் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

பலகையைப் போட்டார்கள். எல்லாரும் சாப்பிடப் போகக் கிளம்பினார்கள். செருப்பு இல்லை.

ஒருத்தருக்கும் இல்லை. மாறன் கயிற்றைத் தூக்கிக் கூடையைப் பார்த்தான். காலி. கரைக்கல்லில் காலை வைத்துவிட்டு அவன் குதித்துத் திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படிச் சுடுகிறது.

செண்பகம் ஸ்டீயரிங்கை விட்டு வந்தாள். அவள்தான் கேப்டன். முகம் இறுகிப்போயிருந்தது. "செருப்ப எல்லாம் கரையில விட்டது யாரு?" என்றாள்.

நான் பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரிசை வைத்தது நான், அது சரியான காரியம். திரும்ப எடுத்து வைப்பது அவரவர் பொறுப்பு. கூடையைக் கயிற்றுக்கு அடியில் வைத்தது யார் என்று முதலில் கேள், இப்படி ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் வீழிநாதன், வாழ்நாளில் முதல் தடவையாக வேகமாகப் பேசினார்.

"நான்தாம்மா. நம்ம ஊர் பழக்கத்துல வாசல்ல விடறாப்ல விட்டுட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

 நான் பேசவில்லை. ஒருத்தர் பேசும்போது குறுக்கே பேசுவது என் பழக்கம் இல்லை. அவர் முடித்த பிறகு பேசலாம் என்று பார்த்தேன். அவர் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே.

செண்பகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "சரி மாமா, விடுங்க" என்று போய்விட்டாள்.

ஆனால் அவர் மனைவி விடவில்லை. அபயாம்பாள் என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்து நாக்கு, உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அன்று மதியம் ஆரம்பித்தது, ஊர் திரும்புகிற வரைக்கும் ஓயவில்லை. மீதி ஆறு நாளும் அந்த மனுஷனுக்கு அர்ச்சனை. "அப்படி என்ன தலை போற அவசரம், கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னு பாக்கக்கூட நேரமில்லாம" என்பாள். "கூட இருக்கறவங்க ஒரு நிமிஷம்னு சொன்னா காதுல வாங்கணும், வாங்கினா கிரீடம் கீழ விழுந்துடுமா" என்பாள். வீழிநாதனுக்கும் அவசரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தோன்றியது. கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாது சில பேருக்கு. அவரைப் பார்த்துக்கூடத் திட்ட மாட்டாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே திட்டுவாள். அவர் குனிந்த தலை நிமிராமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருப்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று, அந்த அம்மாள் வைக்கிற வத்தக்குழம்பு பிரமாதம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீவில் இருந்த ஒரே கடை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறக்கும் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் சொன்னார்கள். மதியமெல்லாம் ஊரே தூங்குமாம். ஆறு மணிக்கு மாறன் காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் இரண்டே ஜோடி ரப்பர் செருப்பு. மற்றதெல்லாம் குழந்தைகள் அளவாம். ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ்.

ஆறு பேருக்கு இரண்டு ஜோடி. இங்கேதான் என் சர்வீஸ் உதவியது. ஒரு தாள் எடுத்து ஷிஃப்ட் போட்டேன். ஆறு இருபதிலிருந்து ஏழு வரை இரண்டு அப்பாக்கள். ஏழிலிருந்து ஏழு நாற்பது வரை இரண்டு அம்மாக்கள். அதன் பிறகு பிள்ளைகள். தாளை சமையலறைக் கண்ணாடியில் ஒட்டினேன். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க என்ன இருக்கிறது, கால் அளவும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று.

எனக்கு ரோஸ் வந்தது. அவர் மஞ்சளை முதலிலேயே மாட்டிக்கொண்டுவிட்டார். அந்த விஷயத்தில் மட்டும் மெதுவு இல்லை.

மலைப்பாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் ஆலிவ் மரம். வாய் திறக்கிறாரா என்று பார்த்தேன். உங்களால்தானே நான் திட்டு வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நானும் நாலு வார்த்தை சொல்லலாம். அவர் மரத்தைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் டாக்டர் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"வரிசை வச்சது நானுல்லா? நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

"பாத்தேன். கிளம்பறப்பவும் பாத்தேன். சொல்ல வந்தேன், நீங்க விசில் ஊதிட்டீங்க."

"பின்ன என்னத்துக்கு நீங்க தலைய குடுத்தீங்க?"

அவர் நின்றார். நடந்துகொண்டே பேச அவருக்கு வராது. "சார், இன்னும் ஆறு நாள் இருக்கு. தப்பு உங்களுதுன்னு ஆச்சுன்னா ஆறு நாளும் மூஞ்சியத் தூக்கி வச்சிப்பீங்க. என்னுதுன்னா எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. படகு சின்னது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நானா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன்? ஊர்க்காரர்களைக் கேளுங்கள். நான் பேசாமல் வேகமாக நடந்தேன். வெகு தூரம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பெயர் மூஞ்சியைத் தூக்கி வைப்பது இல்லை. யோசிப்பது.

யோசித்தபடி திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பின்னால் ஒரு கல்சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு ஆட்டின் கால்.

பக்கத்தில் ஒரு கிழவர் தொப்பியோடு நிற்கிறார். ஆட்டுக்குச் சொந்தக்காரர். அந்த ஆடு நொண்டிக்கொண்டே வந்ததாம். இவர் பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல் போய்ப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கிழவரும் சும்மா விட்டிருக்கிறார். பிடிக்கிற கையைப் பார்த்தாலே தெரியுமாம், மாடு ஆடு வைத்திருக்கிறவர்களுக்கு.

"சார், தலையப் பிடிங்க" என்றார்.

நான் மணியைப் பார்த்தேன். ஆறு ஐம்பது. திரும்ப வேண்டிய நேரம். "ஒரு நிமிஷம்தான்" என்றார். பிடித்தேன். கொம்பு உள்ள ஆடு, சும்மா நிற்குமா? என் ரோஸ் செருப்பை மிதித்தது, சட்டையை மென்றது. குளம்புப் பிளவில் கல் சிக்கிச் சீழ் வைத்திருந்தது. கிழவரிடம் சைகையில் கத்தி கேட்டு வாங்கினார், தண்ணீர் கேட்டு வாங்கினார். கல்லை எடுத்து, குளம்பைச் சீவி, கழுவி, கிழவர் கொண்டுவந்த ஏதோ சாராயத்தை ஊற்றினார். நிதானமாக. ஒவ்வொன்றையும் நிதானமாக. ஆட்டுக்கு ஒரு தடவைகூட வலிக்கவில்லை என்று நினைக்கிறேன். என் கைக்குள் அதன் தலை அப்படியே அடங்கிவிட்டது. இந்த ஆள் அவசரப்பட்டிருந்தால் அது என்னை முட்டித் தள்ளியிருக்கும்.

முடிந்ததும் ஆடு நாலு காலையும் ஊன்றி நடந்தது. கிழவருக்கு வாயெல்லாம் பல். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணன் தம்பியா என்று கேட்கிறார் என்று புரிந்தது. நான் அவரைக் காட்டினேன், என்னைக் காட்டினேன். "சம்பந்தி" என்றேன்.

அவசரத்தில் வந்துவிட்டது. வேறு என்ன சொல்ல? டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

வீழிநாதன் குளம்பு சீவிய கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தார்.

கிழவர் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் பறித்து, தானே தூக்கிக்கொண்டு எங்களோடு படகு வரைக்கும் வந்தார். செண்பகம் பலகை மேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் இரண்டு அம்மாக்களும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மணி ஏழு ஐம்பது.

"அப்பா, அம்பது நிமிஷம் லேட்" என்றாள்.

நான் பதிலை யோசிப்பதற்குள் அந்தக் கிழவர் முன்னால் வந்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்தார். வீழிநாதன் முதுகில் ஒரு தட்டு, என் முதுகில் ஒரு தட்டு. "சம்பந்தி, சம்பந்தி" என்றார். நல்லாவே உச்சரித்தார்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "அவருக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"கேட்டாரு. சொன்னேன்."

பையைக் கீழே போட்டுவிட்டாள். பழமெல்லாம் உருண்டு கடலில் விழுந்தது. ஆறேழு தேறியது. வேலைக்காகாத பெண். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஷிஃப்ட் பாழாய்ப் போயிற்றே, அம்மாக்களுக்குச் செருப்பைக் கொடுக்க வேண்டாமா?

ஏழு நாளில் சொல்ல வேண்டியதை இரண்டாம் நாளே சொல்லியாயிற்று. மீதி நாளெல்லாம் சும்மா சுற்றினோம். அடுத்த ஊரில் எல்லாருக்கும் செருப்பு வாங்கினார்கள். நானும் அவரும் வலையில் படுத்துக்கொண்டு பேசினோம். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் ஒரு தீவு போய்விடும். கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நாள் திரும்பி வந்தபோது படகு ஆபீஸ்காரர்கள் எங்கள் செருப்பையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

இவ்வளவுதான். செருப்பு விஷயத்தில் உண்மை என்ன என்று இன்று வரைக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் பெண் கொடுக்கப் போகிறவர் என்பதால் உங்களிடம் சொன்னேன். உங்களோடு இருக்கட்டும்.

வா கோமதி, காபியை அவருக்குக் கொடு. என்ன சிரிப்பு?

என்ன தெரியும்?

எல்லாருக்குமா? செண்பகத்துக்குமா? கேட்கும்போதே தெரியுமா?

சரி, மற்றவர்களை விடு. அபயாம்பாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனுஷனை ஏன் ஆறு நாளும் அப்படித் திட்டினாள்? சொல்லு பார்ப்போம்.

என்னது?

திரும்பச் சொல்லு.

...

ஓய், நீங்கள் ஏன் காபியை வைத்துவிட்டுச் சிரிக்கிறீர்கள்? உங்களுக்கும் முன்னாலேயே புரிந்துவிட்டதா? திட்டினதெல்லாம் என்னைத்தான் என்கிறாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. நானும் அந்த மனுஷனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் அவர் குனிந்து உட்கார்ந்திருந்தாரே, அது வருத்தம் இல்லை. சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

சரி. உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுங்கள். இதற்கு மேல் ஒன்றும் விசாரிக்க வேண்டாம். இவள் இன்னும் என்னென்ன தெரியும் என்று சொல்வாளோ, எனக்குப் பயமாக இருக்கிறது.